நாலாம் பரணின் குரல்

அன்றைக்கு மயில்வாகனத்தின் காவல் முறை இல்லை. வீட்டுக்குள் கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். தை பிறந்து நாலைந்து நாள்தான். பனி கொட்டிக் கூரைத் தகரத்தின் விளிம்பால் வடிந்து வாளிக்குள் சொட்டுச் சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது, குசினிப் பக்கமிருந்து அணைந்த அடுப்பின் சாம்பல் மணமும், பக்கத்தில் மனைவி விமலேஸ்வரி பூசிக்கொண்டு படுத்த தைலத்தின் மணமும், யன்னலால் பால் பிடித்த நெற்கதிரின் பச்சை மணமும் வந்துகொண்டிருந்தன. தூரத்தில் யானைக் காவல் கூப்பிடத் தொடங்கியது. குளக்கட்டோடு இருக்கிற முதலாம் பரணில் ஒருவர் கூப்பிட, அடுத்த பரணில் இருக்கிறவர் அதை வாங்கிக் கூப்பிட, இப்படியே ஐந்து பரணையும் தாண்டிக் காட்டு விளிம்பு வரைக்கும் குரல் போகும். “முழிப்பு...! ஒண்டுமில்லை...!” ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது குரல் எழும்பியபோது மயில்வாகனம் கண்ணைத் திறந்தார்.

அது அவருடைய குரல்.

சந்தேகப்பட இடமேயில்லை. ‘ஒண்டு’ என்பதை இழுத்து, ‘இல்லை’யில் கம்மி, முடிந்தபிறகு ஒரு சின்ன இருமல். அந்த இருமலைக்கூட விடாமல் வயல்வெளி கொண்டுவந்து அவருடைய காதுக்குள் போட்டது. நாலாம் பரணில் அன்றைக்கு இருக்கவேண்டியது செந்தூரன். பக்கத்து வளவுக்காரன், முப்பது வயதுக்காரன், பகிடிக்குப் பேர்போனவன். பொடியன் தன்னைப்போலக் கூப்பிட்டு நெளிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததில் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ஆனால் அரை மணித்தியாலம் கழித்து மறுபடி அதே குரல் அதே இருமலோடு வந்தது, அதற்குப் பிறகும் வந்தது, விடியும் வரைக்கும் தான் கண்ணை மூடவில்லை என்றுதான் அவர் நினைத்தார்.

காலையில் ஒழுங்கைச் சந்தியில் செந்தூரனைக் கண்டு, என்னடா தம்பி ராத்திரி என்ரை குரலிலை கூத்துப்போட்டனி என்று கேட்டார்.

“நான் போகேல்லையே அண்ணை. சின்னவளுக்குக் காய்ச்சல், ஆசுபத்திரியிலை நிண்டனான். நீங்கள்தானே எனக்காகப் போனியள்? குரல் கேட்டதெண்டு எல்லாரும் சொல்லுகினம்.”

மயில்வாகனம் அவனுடைய முகத்தைப் பார்த்தார். பகிடி இல்லை. கண் சிவந்து, உடுப்பு மாற்றாமல் நின்றான்.

“ஓம்,” என்றார். “நான்தான் போனனான்.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பொய் அவருக்கு இப்போது இருமல் மாதிரித்தான், வரமுன்னம் தெரியாது. ஒரு மாதத்துக்கு முந்தி அவர் அப்படி ஆள் இல்லை.

நெடுங்கேணியிலிருந்து காட்டுப்பக்கமாய்ப் போகிற செம்மண் ரோடு முடிகிற தொங்கலில் இருக்கிற குடியேற்றம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், கலவரங்களுக்குத் தப்பித் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த மலையகத்து ஆட்களும் அடுத்தடுத்த வளவுகளில் இருந்து ஒரே வாய்க்கால் தண்ணியில் நெல் விதைக்கிறார்கள். மின்சார வேலி இருக்கிறது. யானை அதில் மரத்தை முறித்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தால் வரும். ஆகவே கதிர் வெளிப்பட்ட நாளிலிருந்து வெட்டு முடியும் வரைக்கும் காவல். ஒரு பரணுக்கு இரண்டு குடும்பம், நாள் விட்டு நாள். அரை மணிக்கொரு தரம் வரிசையாய்க் கூப்பிடவேண்டும். யானையைக் கண்டால் தகரம் அடிக்கவேண்டும், வெடி கொளுத்தவேண்டும். ஒரு பரண் பதில் சொல்லாவிட்டால் பக்கத்துப் பரண்காரர் கொள்ளிக்கட்டையோடு வந்து பார்ப்பார்கள்.

மயில்வாகனத்திடம் அந்தப் போகத்தில் இரண்டு தரம் வந்து பார்த்தார்கள். இரண்டு தரமும் அவர் மல்லாந்து கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிசனைக் காலில் பிடித்து ஆட்டி எழுப்பினார்கள். மறுநாளே நித்திரைச்சாமி என்று பேர் விழுந்துவிட்டது. கோயில் கூட்டத்தில், கடையில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் எல்லாம் சாமி வாறார், சாமி வாறார். விமலேஸ்வரி தண்ணி அள்ளப் போனால் பெண்கள் கதையை நிறுத்தினார்கள். மூன்றாம் தரமும் நித்திரையானால் அவருடைய குடும்பத்தைக் காவலிலிருந்து நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடுகிறது என்று வயல்காரரின் கமக்கார அமைப்பில் சொன்னார்கள். காவலுக்கு உதவாத வீடு என்ற பேரை எடுப்பதைவிட யானை மிதித்துச் சாகலாம் என்று அவருக்குப் பட்டது.

அது வெறும் சோம்பேறி நித்திரை இல்லை, வருத்தம், ஒரு நோய். போன வருசமே ஆசுபத்திரியில் டொக்டர் பிள்ளை சொல்லியிருந்தாள். சண்டைக் காலத்தில் கண்டதுகளை நினைத்து முழிக்கிறீங்களோ ஐயா என்று அவள் முதலில் கேட்டபோது அவர் ஓம் என்று தலையாட்டினார், அது ஒரு மரியாதையான காரணமாய் இருந்தது. அவள் விடவில்லை. கழுத்தை நாடாவால் அளந்தாள், தொண்டைக்குள் லைற் அடித்தாள், விமலேஸ்வரியைக் கூப்பிட்டு விசாரித்தாள். பிறகு சொன்னாள், நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிறது, நின்றதும் மூளை பதறி எழுப்புகிறது, விடிய விடிய இதே வேலைதான், அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது, தலையிடி, பிரஷர், மறதி. இப்படியே விட்டால் இருதயம் களைத்துப்போகும். காவலுக்குப் போகக் கூடாது, உழவு மெசின் ஓட்டக் கூடாது என்று சொல்லி, பெரிய ஆசுபத்திரியில் ஒரு இரவு படுக்கவைத்துப் பார்க்கிறதற்குக் கடிதமும் தந்தாள். கடிதம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. நித்திரை கொள்ளுகிறதற்கு ஆசுபத்திரிக்குப் போறன் என்று ஊருக்குள் எந்த வாயால் சொல்லுவது?

அதனால்தான் அந்த வேலையைச் செய்தார். தன்னுடைய கூப்பிடு சத்தத்தைப் போனில் பதிந்து, அலாரத்துக்குப் பதிலாக வைத்தார். ஒரு கூப்பிடு, இருமல், பிறகு அலாரம் தானாய் நிற்கும் வரைக்கும் ஒரு நிமிசம் வெறும் அமைதி. வைக்கிற விதத்தை நெடுங்கேணியில் போன் திருத்துகிற கடையில் கேட்டுப் பழகினார். ஒவ்வொரு பரணும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடும், குரல் குளக்கட்டிலிருந்து நாலாம் பரணுக்கு வர அஞ்சு நிமிசம் பிடிக்கும், ஆகவே ஒவ்வொரு அரை மணியும் கழிந்து அஞ்சாவது நிமிசம். போனைப் பால்மாத் தகரத்துக்குள் வைத்துப் பரணின் கொம்பில் கட்டிவிட்டால் சத்தம் பெருத்து வயல் முழுக்கக் கேட்டது. முதல்நாள் சரிவந்தது. ஒரு கிழமை சரிவந்தது. வாகனண்ணை திருந்திவிட்டார் என்று ஊர் சொன்னது. அவர் பரணில் காலை நீட்டிக் குறட்டை விட, தகரம் முழிப்பு, ஒண்டுமில்லை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாம் பரண் மாயாண்டியுடையது. காட்டு விளிம்பில், கடைசியில் இருப்பது. மாயாண்டி மலையகத்து ஆள்; நல்ல உழைப்பாளி, முந்திக் கொஞ்சம் குடிப்பான், அந்த மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டியிருந்தான். இங்கிலீசு வருசம் பிறந்து இரண்டாம் நாள் ராத்திரி, நாலாம் பரணுக்கும் ஐந்தாம் பரணுக்கும் நடுவே நெல் முறிகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அண்ணே, உங்க பக்கம் என்னா சத்தம், மாடா என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். மூன்றாம் பரணில் இருந்தவருக்கும் அது கேட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு மணியும் அஞ்சு நிமிசமும் ஆகியது.

“முழிப்பு...! ஒண்டுமில்லை...!”

ஒன்றுமில்லை என்று பக்கத்துப் பரண் சொன்னால் கட்டாக்காலி மாடாகத்தான் இருக்கும். மாயாண்டி துரத்திவிட இறங்கினான். மயில்வாகனத்தை எழுப்பியது அவனுடைய அலறல் அல்ல, அதற்குப் பிறகு வந்த அமைதி. ஆட்கள் கொள்ளிக்கட்டையோடு வரம்பால் ஓடி வருவதற்குள் அவர் செய்த முதல் வேலை, கொம்பில் ஏறித் தகரத்தை அவிழ்த்துப் பதிவை அழித்தது. இரண்டாவது வேலைதான் மாயாண்டியைப் பார்க்கப் போனது.

விசாரணைக்கு வந்தவர்கள் பெரிதாய் ஒன்றும் கேட்கவில்லை. வாகனண்ணை சரியாய்ப் பதில் சொன்னவர், யானை அதுக்குப் பிறகுதான் வந்திருக்கவேணும் என்று மூன்றாம் பரண்காரர் சொன்னார். அப்படியென்றால் இவன் ஏன் இருட்டில் இறங்கினான், குடிவெறியோ என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் மயில்வாகனத்தைப் பார்த்தார்கள். அவர் மாயாண்டியிடமிருந்து நூறு யார் தூரம் தள்ளி, நித்திரையில் கிடந்தவர். “மணந்தது,” என்றார். ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லோடு, மாலை போட்டுக்கொண்டு குடித்தவன், சாமி சும்மா விடுமோ என்று ஊர் கதையை முடித்துக் கட்டியது.

எட்டாம் நாள் மாயாண்டியின் மனைவி அழகம்மா அவரை வேலியோரம் மறித்தாள். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அண்டை அயலுக்குக் கேட்காமல் கேட்டாள்.

“அண்ணே, நெசமாவே மணந்துச்சா?”

அவர் ஓம் என்றார். அவள் சரிங்கண்ணே என்று போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாயாண்டியின் படத்துக்கு மாலை விழவில்லை. படத்தையே கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள் என்று விமலேஸ்வரி வந்து சொன்னாள். மயில்வாகனத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் தொண்டையில் வந்து குந்திக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கிடந்தது.

போனைக் குளத்துக்குள் எறிந்துவிட்டு, வாய்க்காலில் விழுந்து போயிற்று என்று வீட்டில் சொன்னார். ஆகவே செந்தூரன் சொன்னதைக் கேட்ட அந்தக் காலையில், கூப்பிடுகிறதற்குப் போனும் இல்லை, பதிவும் இல்லை, பரணில் ஆளும் இல்லை. குரல் மட்டும் இருந்தது.

தன்னுடைய முறை நாட்களில் அவர் நித்திரை கொள்ளாமல் இருக்கப் பாடாய்ப்பட்டார். புளிக்கிற தேசிக்காயைக் கடித்தார், கண்ணுக்குக் கீழே தைலம் பூசினார், தொடையில் ஊசியால் குத்தினார். பதினொரு மணி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அதன்பிறகு எப்போது விழுந்தார் என்று தெரியாது, முழிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும், நாக்கு காய்ந்திருக்கும், சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். வெட்கத்தோடு இறங்கி வருவார். வரம்பில் காண்கிறவர்கள், ராத்திரி ஒரு தரமும் பிந்தேல்லை அண்ணை, நல்ல குரல் என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

விமலேஸ்வரிதான் அதைக் கண்டுபிடித்தாள். வருசக் கணக்காய் அவருடைய மூச்சுக்குக் காவல் இருக்கிறவள் அவள். அவர் மூச்சு நின்றால் எண்ணத் தொடங்குவாள், இருபது தாண்டினால் தோளில் தட்டுவாள். அவளுக்கும் நித்திரை இல்லை, அவள் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தை பத்தாம் பக்கம், செந்தூரன் இன்னும் சின்னவளோடு ஆசுபத்திரியில் நிற்க, அவர் முறையில்லாத ஒரு ராத்திரி, அவள் அவரைத் தட்டி எழுப்பினாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “உங்களுக்கு மூச்சு நிக்கேக்கைதான் அங்கை அது கூப்பிடுது.”

விசர்க்கதை கதையாதை என்று ஏசினார். அவள் ஏச்சுக்குப் பயப்படவில்லை. அவர் வீட்டில் படுத்த மூன்று ராத்திரியும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறாளாம். குறட்டை நிற்கும், நெஞ்சு எழும்பாது, உதடு நீலம் பாரிக்கும், அப்போது வயலில் அவருடைய குரல் கேட்கும், இருமும். இருமி முடிந்தபிறகுதான் இவருக்கு மூச்சுத் திரும்புமாம். முந்தி இருபது எண்ணுகிறவள், இன்றைக்கு ஐம்பத்திநாலு வரைக்கும் எண்ணினாளாம். அண்டைக்கு மாயாண்டிக்குப் பதில் சொன்னது ஆர் என்று கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுடைய கண் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகும் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போகாமல் இருக்கத்தான் நினைத்தார். போகாவிட்டால் ஊர் என்ன கதைக்கும் என்று போனார். முற்றத்தில் தகரப் பந்தல், அண்டாவில் கொதிக்கிற சாம்பார், புகை, வரிசையாய் வாழையிலை. அதுவரைக்கும் ஐந்தாம் பரணில் ஊரார் மாறி மாறி இரக்கத்துக்கு இருந்து கொடுத்தார்கள். சடங்கு முடிந்தால் முறை முறைதான். பரணில் மற்றப் பங்குக்காரர் பயந்துபோய் வரமாட்டேன் என்றுவிட்டார், மாயாண்டியின் மகன் வெளிநாட்டில், கட்டாரில் நிற்கிறான். அழகம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு ராத்திரியிலிருந்து நானே வருகிறேன் என்றாள். பெண்பிள்ளை தனியாய்ப் போறதோ என்று நாலு பேர் தடுத்தார்கள்.

“வாகனண்ணே பக்கத்துப் பரண்ல இருக்காருல்ல,” என்றாள். “அவரு ஒண்ணுமில்லேன்னா எனக்குப் பயமில்ல.”

மயில்வாகனம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழும்பிச் சொல்லவேண்டும், எல்லாரும் இருக்கிற இடத்தில், மாயாண்டி குடிக்கவில்லை, நான்தான் நித்திரை, கூப்பிட்டது போன் என்று. சொற்கள் வரிசையாய் வாய்க்குள் வந்து நின்றன. சோற்றைப் பிசைந்தார். சாம்பாரின் சூட்டில் விரல் சுட்டது, பந்தலின் வெக்கை முகத்தில் அடித்தது, யாரோ அப்பளம் நொறுக்கினார்கள், அந்தச் சத்தம் தூரத்தில் நெல் முறிகிற சத்தமாய்...

கண்ணைத் திறந்தபோது பந்தல் முழுக்க அமைதி. எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை சோற்றுக்குள் கிடந்தது, நாடியில் எச்சில் வடிந்திருந்தது. அவருடைய இருமலின் கடைசித் துண்டு இன்னும் பந்தலுக்குள் நின்றது.

“பாருங்கோவன், நித்திரையிலையும் ஒண்டுமில்லை எண்டு கூப்பிட்டுக் காவல்!” என்று செந்தூரன் சொன்னான். கொல்லென்று சிரித்தார்கள். பகிடிச் சிரிப்பு இல்லை, மெச்சுகிற சிரிப்பு. இப்படி ஒரு ஆள் எங்கை கிடைக்கும் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அழகம்மா சாம்பார் வாளியோடு இலைக்கு முன்னால் வந்து நின்றாள். இன்னும் கொஞ்சம் ஊத்தவா அண்ணே என்றாள். மயில்வாகனத்துக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. ஊத்தும்படி சொன்னார்.

பொழுதுபட, தன்னுடைய பரணைத் தாண்டிப்போய் ஐந்தாம் பரணின் அடியில் நின்றார். அழகம்மா மேலே சாக்கை விரித்துக்கொண்டிருந்தாள்; ஏணிக்குக் கீழே அவளுடைய செருப்பு, பக்கத்தில் தகரமும் தடியும். இருட்டமுன்னம் சொல்லிப்போடலாம். என்ரை குரல் கேட்டாலும் நம்பாதையுங்கோ என்று அந்த ஒரு வசனத்தைச் சொன்னால்கூடப் போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் எல்லாத்தையும் சொல்லவேண்டும். அவள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, என்னாங்கண்ணே என்றாள்.

“ஒண்டுமில்லை,” என்றார். “குளிர். கவனம்.”

தன்னுடைய வாயால் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அவருக்கே காது கூசியது. திரும்பிப் பார்க்காமல் வரம்பால் நடந்தார்.

அந்த ராத்திரி நித்திரை கொள்வதில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினார். பரணில் படுக்கவில்லை, குந்திக்கூட இருக்கவில்லை, கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிலவு பாதி. பனி வயலுக்கு மேலே முழங்கால் உயரத்துக்குப் படர்ந்திருந்தது, அதற்கு மேலே முற்றின கதிர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன, தவளைகள் விட்டுவிட்டுக் கத்தின, காட்டுப்பக்கமிருந்து ஈரமான இலைக்கூளத்தின் மணம் வந்தது, எங்கோ ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டு பறந்தது. ஒன்பதரை. பத்து. பத்தரை. ஒவ்வொரு தரமும் மூன்றாம் பரணின் குரலை வாங்கி அவர் தன்னுடைய சொந்தத் தொண்டையால் கூப்பிட்டார். ஒவ்வொரு தரமும் ஐந்தாம் பரணிலிருந்து அழகம்மாவின் மெல்லிய குரல் வந்தது. பதினொன்று. பன்னிரண்டு. கண் எரிந்தது, கால் மரத்தது, ஆனால் முழித்திருந்தார். ஒரு மாதத்தில் முதல் தரமாக அவருக்குத் தன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. விடியட்டும், சொல்லுவன் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார்.

ஒரு மணிக்கு முதலாம் பரண் கூப்பிட்டது, பிறகு அடுத்தடுத்த பரண்கள். இரண்டு. மூன்று. அவர் கூப்பிட வாயைத் திறந்தார்.

“முழிப்பு...! ஒண்டுமில்லை...!”

வாய் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. குரல் கீழேயிருந்து வந்தது. பரணின் அடியிலிருந்து. பிறகு இருமல்.

அழகம்மா பதில் கூப்பிட்டாள்.

தவளைகள் நின்றுவிட்டன. புளித்த சாணி மணம் ஒன்று, சூடாய், காற்றே இல்லாமல் வந்தது. நாலாம் பரணுக்கும் ஐந்தாம் பரணுக்கும் நடுவே நெல் முறிந்தது. ஒரு பிடி. இன்னொரு பிடி. வேரோடு பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறுகிற சத்தம். பனிக்குள்ளே ஒரு கறுப்பு, பனியை விட உயரமாய், அசையாமல். பிறகு ஒரு காது அசைந்தது.

தகரம் காலடியில் இருந்தது. தடியும் இருந்தது. வெடி மடியில் இருந்தது.

கை வரவில்லை.

எங்கே கை என்று குனிந்து பார்க்க நினைத்தார். தலை திரும்பவில்லை. தான் நிற்கவில்லை, சாக்கில் மல்லாந்து கிடக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எப்போது படுத்தார்? கண் திறந்திருந்தது. பரணின் விளிம்பால் வயல் தெரிந்தது, ஐந்தாம் பரண் தெரிந்தது. நெஞ்சு எழும்பவில்லை. எழும்பவேயில்லை. அவர் எண்ணத் தொடங்கினார், விமலேஸ்வரி எண்ணுகிற மாதிரி. இருபது. முப்பது.

“அண்ணே,” என்று அழகம்மா கூப்பிட்டாள். “உங்க பக்கம் என்னமோ முறியுதே?”

இல்லை. இறங்காதை. அழகம்மா, இறங்காதை. சொற்கள் தொண்டைக்கு வந்து அங்கேயே நின்றன, முப்பத்தொரு நாள் நின்ற இடத்தில்.

“ஒண்டுமில்லை...!”

இப்போது கீழேயிருந்து அல்ல. நடு வரம்பிலிருந்து. இருமல். நாற்பத்தொன்பது. ஐம்பது.

“மாடு. இறங்கி வாங்கோ. ரெண்டு பேருமாய்க் கலைப்பம்.”

இது அவர் பதியாத சொல். ஒருநாளும் சொல்லாத சொல்.

ஐந்தாம் பரணில் ரோச் பற்றியது. ஏணியின் ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் இறங்கியது. செருப்பைத் தேடியது. வரம்புக்கு வந்தது. அழகம்மா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள், ஈர மண்ணில் செருப்பு ஒட்டி ஒட்டிக் கழன்றது. அறுபத்திமூன்று. மயில்வாகனத்தின் கண்ணோரம் இருட்டத் தொடங்கியது. ரோச் வெளிச்சம் வரம்பில் ஊர்ந்து, ஒரு காலில் பட்டது. வெறுங்கால். அதற்கு மேலே சாரம், அவருடைய சாரம். தலையில் சுற்றிய துவாய், அவருடைய துவாய். வாய் திறந்திருந்தது. கதைத்து முடிந்த பிறகும் திறந்தேயிருந்தது. அதன் தோளுக்குப் பின்னால் அந்தக் கறுப்பு நின்றது. தும்பிக்கை அதனுடைய துவாய்க்கு மேலால் நீண்டு, அழகம்மாவின் பக்கம் மணம் பிடித்தது.

“வாறேண்ணே,” என்றாள் அழகம்மா.

எழுபது. எழுபத்தொன்று.

“வெளிச்சத்துக்கு மாடு வெருளும்,” என்றது அவருடைய குரல், ஆதரவாய். “ரோச்சை நூத்துப்போட்டு வாங்கோ.”

அழகம்மா ரோச்சை அணைத்தாள்.